பொய்த் தானசாசனமும் மறுமலர்ச்சிக் காலப் புலமையும்

ஐரோப்பிய மறுமலர்ச்சி என்றதும் லியனாடோ டாவின்சியின் ஓவியங்களும், மைக்கலாஞ்சலோவின் சிற்பங்களும், புளோரன்சு நகரப் பேராலயத்தின் பெருங் கவிமாடமும் நினைவுக்கு வருதல் இயல்பு. கண்ணைக் கவர்ந்தவை கருத்தில் நிலைபெறுவது வியப்பன்று. ஆயின் அவை ஒரு மரத்தின் பூவும் கனியுமேயன்றி வேர் அல்ல. துறவியர் மடங்களிலே தூசு படிந்து கிடந்த பழைய தோற்பிரதிகளைத் தேடியெடுத்து, சொல்லுக்குச் சொல் ஒப்புநோக்கி, மெய்ப்பாடம் யாது, இடைச்செருகல் யாது எனத் துணிந்த புலவர் சிலருடைய உழைப்பே அக்காலத்து ஐரோப்பாவை அடியோடு அசைத்த ஆற்றல்களுள் முதன்மையானது.

பாடநூல்கள் மறுமலர்ச்சிக் கால மாற்றங்களை அரசியல், சமயம், பண்பாடு என மூன்று தலைப்பின்கீழ் வகுத்துரைக்கும். பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் மாணவனுக்கு அவ்வகுப்பு வசதியானதே. எனினும், வாழ்ந்த மாந்தரின் வரலாற்றில் அம்மூன்றும் ஒரே கயிற்றின் முப்புரிகளாய் முறுக்குண்டு கிடந்தன. ஒன்றைப் பிரித்தெடுக்க முயல்வோன் மற்றிரண்டையும் உடன் இழுத்தே தீருவான். இதனை விளக்குதற்கு ஒரே ஒரு சாசனத்தின் வரலாறு போதியதாகும். அது ‘கொன்ஸ்தந்தைனின் தானம்’ என வழங்கியது. ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகள் மெய்யென நம்பப்பட்ட அச்சாசனம் முழுப் பொய்யாகும்.

அச்சாசனம் கூறுவது வருமாறு: உரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தைன் தொழுநோயால் வருந்தினான். பாப்பரசர் சில்வெஸ்தர் அவனுக்கு ஞானஸ்நானஞ் செய்வித்து நோயையும் நீக்கினார். நன்றிக்கடனாக அவன் இலாத்தரன் மாளிகையையும், உரோமாபுரியையும், இத்தாலியையும், மேற்றிசை மாகாணங்கள் அனைத்தையும் பாப்பரசருக்கும் அவர் வழிவருவோர்க்கும் தானமாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தான் கீழ்த்திசைக்குப் பெயர்ந்தான். உண்மையில் கொன்ஸ்தந்தைன் 337ஆம் ஆண்டில், மரணத் தறுவாயிலேதான், அதுவும் வேறொரு குருவிடம் ஞானஸ்நானம் பெற்றான். சாசனமோ எட்டாம் நூற்றாண்டளவிலே எவராலோ புனையப்பட்டது. ஆயினும் அது திருச்சபைச் சட்டத் தொகுப்பிலே இடம்பெற்றது; மன்னர்களோடு பாப்பரசர்கள் வழக்காடிய போதெல்லாம் ஆதாரமாகக் காட்டப்பட்டது. பாப்பரசரின் அரசியல் அதிகாரத்தை வெறுத்த மகாகவி தாந்தே கூட இத்தானத்தைத் தீமையின் ஊற்று என இரங்கினாரேயன்றி, பொய் என ஐயுற்றாரல்லர். ஒரு சாசனத்தைப் படித்து, ‘இச்சொல் அக்காலத்துச் சொல்லா?’ என வினவும் பழக்கம் அந்நாளிற் பெரும்பாலும் இருந்ததில்லை.

அப்பழக்கம் தோன்றிய இடம் இத்தாலி. அங்கே புளோரன்சு, வெனிசு முதலிய நகரங்கள் கம்பளித்துணி வாணிகத்தாலும் வங்கித்தொழிலாலும் செல்வம் பெற்றுத் தம்மைத் தாமே ஆண்டு வந்தன. வாணிகம் பெருகிய நகரத்திலே ஒப்பந்தம் எழுதும் நொத்தாரிசுகளும், வேற்றரசர்க்குத் திருமுகம் வரையும் செயலாளரும் பெருமை பெற்றனர். மிலான் நகரக் கோமகன் புளோரன்சின் குதிரைப்படையினும் அதன் தலைமைச் செயலாளர் சலுத்தாத்தியின் கடிதங்களுக்கே மிகுதியாக அஞ்சினான் எனக் கூறுவர். சிறந்த இலத்தீன் எழுதுதற்குப் பழைய உரோமரின் நடை வேண்டியிருந்தது. அந்நடை வேண்டின் அவர்தம் நூல்கள் வேண்டும். ஆகவே, நூல் வேட்டை தொடங்கியது. அரசியற் றேவையே இலக்கிய ஆர்வத்துக்கு உரமாயிற்று என்பது இங்கு நோக்கற்பாலது.

கவிஞர் பெற்றாக் 1345ஆம் ஆண்டில் வெரோனா நகரிலே சிசரோவின் கடிதத் தொகுதி ஒன்றைக் கண்டெடுத்தார். புளோரன்சு நகரத்தார் 1397ஆம் ஆண்டில் கிறிசொலோறாசு என்னும் கிரேக்க அறிஞரைத் தருவித்து, மேற்கைரோப்பா ஏறக்குறைய மறந்தேவிட்ட கிரேக்க மொழியை இளைஞர்க்குக் கற்பித்தனர். பாப்பரசரின் செயலாளராகவிருந்த பொக்கியோ என்பவர், கொன்ஸ்தான்சு நகரத்துத் திருச்சபைப் பொதுச்சங்கத்துக்குச் சென்றவிடத்து ஓய்வு கிடைத்த பொழுதெல்லாம் அயலிலுள்ள மடங்களைத் துருவி, 1416ஆம் ஆண்டில் குயின்ரிலியனின் நூலை முழுமையாகவும், அடுத்த ஆண்டில் லூக்கிறீசியசு பாடிய தத்துவக் காவியத்தையும் மீட்டார். ஓலைச்சுவடிகளைத் தேடி ஊரூராய் அலைந்த தாமோதரம்பிள்ளை, சாமிநாதையர் ஆகியோரின் வரலாறு அறிந்தார்க்கு இவ்வலைச்சலின் அருமை எடுத்துரைக்க வேண்டியதன்று. ஒரே நூலுக்குப் பல பிரதிகள் கைக்கு வந்தபோது பாடபேதங்களும் உடன்வந்தன. பாடபேதத்தைத் தீர்க்க முயன்றபோது, மொழி காலத்துக்குக் காலம் மாறும் என்ற உண்மை புலப்பட்டது. எளியதாகத் தோன்றும் இவ்வுண்மையே பின்னர் வெடிமருந்தாயிற்று.

அம்மருந்துக்குத் தீயிட்டவர் லொறென்சோ வல்லா என்னும் உரோமாபுரிப் புலவர். இவர் இளமையிலேயே பாவியாப் பல்கலைக்கழகத்து ஆசிரியராக அமர்ந்து, அங்குள்ள சட்ட அறிஞரின் இலத்தீனைக் கொச்சை என இகழ்ந்து, 1433ஆம் ஆண்டில் அந்நகரை விட்டே நீங்க நேர்ந்தவர். புலமையிற் போலவே பூசலிலும் குறைவற்றவர். பின்பு அறகோன் நாட்டு மன்னன் அல்பொன்சோவின் அவைக்களம் சேர்ந்தார். அல்பொன்சோ நேப்பிள்சு அரசைக் கைப்பற்றப் போர்புரிந்து கொண்டிருந்தான். பாப்பரசர் நான்காம் இயூஜீனியசு அவனுடைய பகைவன் பக்கம் நின்றார். இந்நிலையிலே, 1440ஆம் ஆண்டில், கொன்ஸ்தந்தைனின் தானம் பொய்யென நிறுவும் நூலை வல்லா எழுதினார். மெய்ந்நாட்டமே அவரை எழுதத் தூண்டியது எனச் சிலர் புகழ்வதும், அரசனிடம் உண்ட சோற்றுக்காக எழுதினார் எனச் சிலர் இகழ்வதும் ஒருதலைப்பட்டனவே. அரசனுக்குப் பாப்பரசரைத் தாக்க ஓர் ஆயுதம் தேவையாயிற்று. அவ்வாயுதத்தை வடிக்கும் திறன் வல்லாவிடம் முன்னரே இருந்தது. சாசனத்தின் மெய்ம்மையை 1433ஆம் ஆண்டளவிலே கூசா நகர் நிக்கொலசு என்னும் குருவும் ஐயுற்று எழுதியிருந்தார். ஆயின் அவர் பழைய வரலாற்று நூல்களில் இத்தானம் பற்றிய பேச்சே இல்லை என்பதைக் காட்டி அமைந்தார். வல்லா சாசனத்தையே குறுக்கு விசாரணை செய்தார்.

அவ்விசாரணையின் முறை அறியத்தக்கது. முதலில், மனித இயல்பை வைத்து வினவுகிறார்: வாளால் வென்ற நாட்டிலே பாதியை எந்த மன்னன் எடுத்துக் கொடுப்பான்? கொடுப்பினும் அவன் மைந்தரும் மூதவையினரும் வாளாவிருப்பரோ? அடுத்துச் சான்று கேட்கிறார்: பாப்பரசர் உரோமாபுரியை ஆண்டிருப்பின் அவர் நியமித்த அதிகாரிகள் யாவர்? அவர் பெயர் பொறித்த நாணயங்கள் எங்கே? நாணயத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளும் இம்முறை அக்காலத்துக்குப் புதுமையானது. இறுதியாகச் சொற்களை எடுத்துக்கொள்கிறார். சாசனத்திலே உரோம அதிகாரிகள் ‘சத்திரப்பர்’ எனக் குறிக்கப்படுகின்றனர். அது பாரசீக மாகாணத் தலைவரைச் சுட்டும் சொல். கொன்ஸ்தந்தைனின் அரசவையிலே உரோம அதிகாரிகளை எவரும் அவ்வாறு அழைத்ததில்லை. சாசனம் கொன்ஸ்தாந்திநோபிளை ஒரு தலைமைக் குருபீடமாகக் கூறுகிறது. தானம் எழுதப்பட்டதாகச் சொல்லப்படும் காலத்திலோ அப்பெயரில் நகரமே எழவில்லை. இலத்தீன் நடையும் கொன்ஸ்தந்தைன் காலத்து நடையன்று. பிற்காலத்துக் கொச்சை நடை. இவ்வாறு பிடிபட்ட ஒவ்வொரு வழுவையும் எடுத்துக்காட்டி, பொய்யனை எதிரே நிறுத்தி ஏசுவதுபோல வல்லா சினந்தெழுதுகிறார். நிதானமான நடை என அதனைச் சொல்ல முடியாது. நியாயமோ அசைக்க முடியாததாய் அமைந்தது.

இத்தகைய நூல் உடனே பாப்பரசரின் ஆட்சியைக் கவிழ்த்திருக்கும் என எண்ணத் தோன்றும். நிகழ்ந்தது வேறு. அல்பொன்சோ 1442ஆம் ஆண்டில் நேப்பிள்சைக் கைப்பற்றினான். மறு ஆண்டிலே பாப்பரசர் அவனை அவ்வரசுக்கு உரியவன் என ஏற்றுக்கொண்டார். சமாதானம் வந்தபின் மன்னனுக்கு அந்நூலால் ஆவது ஒன்றுமில்லை. அப்போஸ்தலர் பன்னிருவரும் ஆளுக்கொரு வாக்கியமாக விசுவாசப் பிரமாணத்தை இயற்றினர் என்ற மரபை மறுத்தமைக்காக 1444ஆம் ஆண்டில் வல்லா சமய விசாரணைக்கு இழுக்கப்பட்டபோது, மன்னன் தலையிட்டே அவரைக் காத்தான். அதனினும் வியப்பு யாதெனில், 1447ஆம் ஆண்டிற் பாப்பரசரான ஐந்தாம் நிக்கொலசு, பாப்பரசர் பதவியின் அடித்தளத்தையே தாக்கிய இம்மனிதரை உரோமாபுரிக்கு அழைத்துப் பதவி கொடுத்ததாகும். நிக்கொலசு நூற்பித்தர் எனத் தகும் அளவுக்குப் புத்தகங்களை விரும்பியவர். வத்திக்கன் நூலகத்துக்கு வித்திட்டவர். அவர் விருப்பப்படி கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீசின் நூலை வல்லா இலத்தீனிற் பெயர்த்தார். 1457ஆம் ஆண்டில் இறந்த வல்லாவின் உடல் இலாத்தரன் ஆலயத்திலேயே அடக்கஞ் செய்யப்பட்டது. பொய்ச்சாசனம் தன் தானப் பட்டியலிற் சேர்த்த மாளிகையை அடுத்து நிற்பது அவ்வாலயம்.

சாசனம் பொய்யானதால் அதிகாரம் பொய்யாகவில்லை என்பதற்கு வேறு சான்றும் உண்டு. அதே ஐந்தாம் நிக்கொலசு 1455ஆம் ஆண்டில் ஓர் ஆணைப் பத்திரம் வழங்கினார். ஆபிரிக்கக் கரையோரமாகப் போர்த்துக்கேயர் கண்ட நாடுகளையும் அப்பாற் காணவிருந்த நாடுகளையும் வெல்லவும், அங்கு வாழ்ந்தோரை அடிமைப்படுத்தவும் போர்த்துக்கல் மன்னனுக்கு அது உரிமை அளித்தது. பாப்பரசர் தமக்குச் சொந்தமல்லாத நிலத்தைத் தானம் செய்த இச்செயலின் நிழல் இலங்கை வரை நீண்டது. 1505ஆம் ஆண்டில் இத்தீவை அடைந்த போர்த்துக்கேயர், 1580ஆம் ஆண்டிலே கோட்டை மன்னன் தர்மபாலனிடமிருந்து அவன் அரசு முழுவதையும் போர்த்துக்கல் முடிக்கு உரித்தாக்கும் தானசாசனம் ஒன்றைப் பெற்றனர். அச்சாசனம் பொய்யன்று. ஆனால் அந்நியரின் பாதுகாப்பில் ஒதுங்கி வாழ்ந்த அம்மன்னன் கொடுத்த அரசிற் பெரும்பகுதி அவன் கையில் இருந்ததில்லை. யாழ்ப்பாண அரசையோ அவர்கள் 1619ஆம் ஆண்டிற் படைகொண்டே பிடித்தனர். அங்கு தானம் கேட்கவும் இல்லை. புத்தகங்களை நேசித்த பாப்பரசரும், கடல்கடந்த அடிமைத்தனத்துக்கு முத்திரை இட்ட பாப்பரசரும் ஒருவரே. மறுமலர்ச்சியை ஒளி மயமாக மட்டும் வருணிப்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

வல்லாவின் ஏட்டாராய்ச்சி மக்கள் மத்தியில் வலிமை பெறுதற்கு அச்சியந்திரம் வேண்டியிருந்தது. மைன்சு நகரில் 1455ஆம் ஆண்டளவிலே கூற்றன்பேர்க்கின் அச்சு எழுத்துக்களில் விவிலியம் வெளிவந்தது. பத்தாண்டுக்குள் யேர்மன் தொழிலாளர் அக்கலையை இத்தாலிக்குக் கொணர்ந்தனர். வெனிசு நகரத்து அல்துசு மனூற்றியசு கிரேக்க நூல்களைத் திருத்தமாகவும், பின்னர் இலத்தீன் காவியங்களைக் கைக்கடக்கமான அளவிலும் பதிப்பித்தார். எழுதுவோன் ஒருவன் ஆண்டு முழுவதும் முயன்று படியெடுத்த நூலை இனி நூற்றுக்கணக்கிற் பெறலாம். ஒரு வழுவைச் சுட்டிய குறிப்பு ஓர் ஊரோடு அடங்கிவிடாது. எட்டு நாட்டிலும் படிக்கப்படும். அதுமட்டுமன்று, அதனை எரித்து அழித்தலும் அரிதாயிற்று.

இவ்விடத்தே ஒல்லாந்தராகிய எரஸ்மஸ் தோன்றுகிறார். லூவேன் நகருக்கு அண்மையிலுள்ள மடம் ஒன்றிலே 1504ஆம் ஆண்டில் அவர் ஒரு கைப்பிரதியைக் கண்டார். புதிய ஏற்பாட்டின் இலத்தீன் மொழிபெயர்ப்பைக் கிரேக்க மூலத்தோடு ஒப்பிட்டு வல்லா எழுதிய குறிப்புக்களே அவை. அடுத்த ஆண்டிலேயே அவற்றைப் பாரிசு நகரில் அச்சிட்டார். வேதத்திலே இலக்கணம் பார்ப்பதா எனக் குருமார் சிலர் முகஞ்சுளித்தனர். எரஸ்மசோ மேலும் சென்று, 1516ஆம் ஆண்டிலே புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தையும் தாம் திருத்திய இலத்தீனையும் பாசல் நகரில் வெளியிட்டார். பாப்பரசர் பத்தாம் லியோவுக்கே அதனைச் சமர்ப்பித்தார். அப்பதிப்பு அவசரப் பதிப்பு. அவருக்குக் கிடைத்த பிரதியிலே திருவெளிப்பாட்டின் கடைசிச் செய்யுட்கள் சிதைந்து போயிருந்தமையால், இலத்தீனிலிருந்து தாமே கிரேக்கத்துக்குப் பெயர்த்து அவ்விடைவெளியை நிரப்பினார்! பிறர் செருகலைக் களைய வந்தவர் தாமே செருகியது பதிப்பாசிரியர் அனைவர்க்கும் எச்சரிக்கையாகும்.

ஆயினும் அந்நூலிலே ஒரு சொல் ஐரோப்பாவைப் பிளந்தது எனில் மிகையாகாது. ‘மெத்தானோயா’ என்ற கிரேக்கச் சொல் உள்ளத்தின் திருப்பத்தைக் குறிக்கும். பழைய இலத்தீன் பெயர்ப்பு அதனைப் பிராயச்சித்தஞ் செய்தல் எனப் பொருள்படுமாறு வழங்கியது. பிராயச்சித்தம் எனின் குருவும், அவர் விதிக்கும் தவமும், அத்தவத்தைக் குறைக்கும் பாவமன்னிப்புச் சீட்டும் பின்னே வரும். மனத்தின் திருப்பம் எனின் இறைவனுக்கும் ஆன்மாவுக்கும் இடையே மூன்றாமவர்க்கு அவ்வளவு இடமில்லை. உரோமாபுரியிற் புனித இராயப்பர் பேராலயத்தைக் கட்டுதற்குப் பொருள் திரட்டும் பொருட்டு அச்சீட்டுக்கள் யேர்மனியில் விலைபோயின. 1517ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதத்தில் மாட்டின் லூதர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து வாதங்களுள் முதலாவதே இச்சொல்லின் பொருள் பற்றியது. கிரேக்கம் வல்லார் காட்டிய பொருளே தமக்கு ஒளிதந்தது என அடுத்த ஆண்டில் அவர் தம் தலைவருக்கு எழுதினார்.

அக்காலத்திலேயே, வல்லா தானசாசனத்தைத் தாக்கிய பழைய நூலும் உயிர்பெற்றது. ஊற்றென் என்னும் யேர்மன் வீரர் அதனைப் பதிப்பித்து, குறும்பாக அதனையும் பத்தாம் லியோவுக்கே சமர்ப்பித்தார். 1520ஆம் ஆண்டு பெப்ரவரியில் அதனைப் படித்த லூதர், இத்துணைப் பெரும்பொய் இத்துணைக் காலம் வேதம்போல நிலைத்ததே எனத் திகைத்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். பாப்பரசரைக் கிறித்துவுக்கு எதிரி என ஐயுறும் அளவுக்கு அவர் மனம் கொதித்தது. அவ்வாண்டு திசெம்பரிலே விற்றன்பேர்க்கு நகரவாயிலில், தம்மைக் கண்டித்த பாப்பரசரின் ஆணையோடு திருச்சபைச் சட்ட நூல்களையும் தீயிலிட்டார். நேப்பிள்சுப் போருக்காக எழுதப்பட்டு, சமாதானத்தால் மறக்கப்பட்ட நூல், எண்பது ஆண்டு கழித்து, எழுதியவர் கனவிலும் காணாத வேலையைச் செய்தது. வல்லா கத்தோலிக்கராகவே வாழ்ந்து இறந்தவர் என்பதை இங்கு மறத்தலாகாது.

இதன்பின் நிகழ்ந்தவற்றிலே புலவரின் கை தளர, அரசரின் கை ஓங்குகிறது. சாக்சனிச் சிற்றரசன் பிரெடரிக்கு புகலிடம் கொடாதிருப்பின் லூதரின் கதி நெருப்பாகவே முடிந்திருக்கும். 1522ஆம் ஆண்டில் லூதர் எரஸ்மசின் கிரேக்க மூலத்திலிருந்து புதிய ஏற்பாட்டை யேர்மன் மொழியிற் பெயர்த்தார். அதனைப் படித்த உழவரும், பண்ணையடிமை முறை வேதத்துக்கு ஒவ்வாது என 1525ஆம் ஆண்டிற் பன்னிரு கோரிக்கைகள் வெளியிட்டு, வேதங்கொண்டு பிழைகாட்டின் திருந்துவோம் என்றனர். ஏடு பார்த்து நியாயங் கேட்கும் முறை அரண்மனையிலிருந்து வயல்வெளிக்கு இறங்கிவிட்டது. விடை வேதத்தாலன்று, வாளால் வந்தது. லூதரும் அரசர் பக்கமே நின்றார். 1555ஆம் ஆண்டு அவுக்சுபேர்க்கு உடன்படிக்கை, கத்தோலிக்கம், லூதர் நெறி என்னும் இரண்டனுள் எதனைத் தன் நாட்டில் நிலைநாட்டுவது என்பதை அரசனே துணியலாம் என வகுத்தது. பாப்பரசரின் பிடி தளர்ந்த இடத்திலே குடியானவனின் மனச்சாட்சி அன்று, மன்னனின் முத்திரையே ஏறியமர்ந்தது.

இங்கிலாந்தில் இது இன்னும் வெளிப்படை. எட்டாம் என்றி தன் மணவிலக்கு வழக்கை உரோமாபுரிக்கு எடுத்துச் செல்ல இயலாதவாறு 1533ஆம் ஆண்டில் இயற்றிய சட்டம், பழைய வரலாற்று நூல்களைச் சான்றுகாட்டி, இங்கிலாந்து எவர்க்கும் கீழ்ப்படாத பேரரசு எனச் சாற்றியது. அடுத்த ஆண்டிலே அரசனைத் திருச்சபைத் தலைவனாக்கிய சட்டம் வந்தது. வல்லாவின் நூலும் அதே ஆண்டில் ஆங்கிலத்தில் அச்சாயிற்று. அல்பொன்சோ கையாண்ட ஆயுதத்தை என்றியும் கையாண்டான். எரஸ்மசின் உயிர்த்தோழரும் பெரும்புலவருமான தோமசு மோர் அத்தலைமையை ஏற்காமையால் 1535ஆம் ஆண்டிற் சிரமிழந்தார். கிரேக்கத்திலிருந்து புதிய ஏற்பாட்டை ஆங்கிலமாக்கி, ‘திருச்சபை’ என வழங்கிய இடத்திற் ‘சபைக்கூட்டம்’ எனப் பொருள்படும் சொல்லைப் பெய்தமைக்காக மோரினாற் கடிந்துரைக்கப்பட்ட வில்லியம் ரின்டேல், 1536ஆம் ஆண்டிற் பிரசல்சுக்கு அண்மையில் உயிர்நீத்தார். இருவரும் எரஸ்மசின் நூல்களைப் பயின்றவர். ஒருவர் பாப்பரசருக்காகவும், மற்றவர் பாப்பரசருக்கு எதிராகவும் இறந்தனர்.

கத்தோலிக்க திருச்சபை இவற்றுக்குச் செவிசாய்க்கவில்லை எனக் கூறுதலும் பொருந்தாது. திரெந்து நகரத்துப் பொதுச்சங்கம் 1546ஆம் ஆண்டிலே பழைய இலத்தீன் விவிலியமே அதிகாரபூர்வமானது எனத் தீர்மானித்தது. 1559ஆம் ஆண்டின் தடைநூற் பட்டியலில் எரஸ்மசின் நூல்கள் ஏறின. ஆயின் அதிகாரபூர்வமான விவிலியத்துக்குத் திருத்தமான பதிப்பு வேண்டுமே! பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ் தாமே திருத்தி 1590ஆம் ஆண்டில் வெளியிட்ட பதிப்பு, பிழை மலிந்தமையால் அவர் மறைந்தபின் மீட்டுக்கொள்ளப்பட்டு, 1592ஆம் ஆண்டில் வேறு பதிப்பு வந்தது. தடுக்கப்பட்ட புலவரின் முறையைத் தடுத்தவரும் கைக்கொள்ள நேர்ந்தது. அந்நூற்றாண்டு முடியுமுன் பறோனியசு என்னும் கர்தினாலே, தாம் எழுதிய திருச்சபை வரலாற்றிலே, தானசாசனம் மெய்யன்று என ஏற்றுக்கொண்டார்.

பாப்பரசரின் அரசோ அச்சாசனமின்றியே, 1870ஆம் ஆண்டில் இத்தாலியப் படை உரோமாபுரியுட் புகும் வரை, நீடித்தது. வத்திக்கன் மாளிகையிலே கொன்ஸ்தந்தைனின் பெயரால் அமைந்த மண்டபம் ஒன்று உளது. அதன் சுவரில், பேரரசன் முழந்தாளிட்டுப் பாப்பரசர் சில்வெஸ்தருக்கு உரோமாபுரியைக் கையளிக்கும் காட்சியை ரஃபேலின் மாணாக்கர் 1524ஆம் ஆண்டளவிலே தீட்டி முடித்தனர். ஊற்றெனின் பதிப்பு யேர்மனியெங்கும் பரவி முடிந்த காலம் அது. அவ்வோவியம் இன்றும் அங்கேயே இருக்கிறது.